கேபிளுக்கு வெள்ளை, டிஎஸ்எல்லுக்குச் சிவப்பு

1

போன வாரம் தபால்பெட்டியில் ஒரு கடிதம் கிடந்தது. ஜெர்மனிக்கு வந்து பதினொரு வருடம் ஆகியும், ஜன்னல் வைத்த வெள்ளை உறையைப் பார்த்தால் இன்னும் நான் உடனே பிரிப்பதில்லை. வரி ஆபீசா, விசா ஆபீசா, காகிதக் குப்பையை பிளாஸ்டிக் தொட்டியில் போட்டுவிட்டேனா என்று யோசனை எங்கெங்கோ ஓடும். நல்லவேளை, வந்தது இன்டர்நெட் கம்பெனியின் கடிதம். 'அன்புள்ள திரு. சுப்பையா, உங்கள் டிஎஸ்எல் இணைப்பின் இரண்டு வருட ஒப்பந்தம் முடியப்போகிறது. உங்கள் கட்டடத்துக்கு இப்போது பல மடங்கு வேகமான இணைப்பு வந்துவிட்டது. மாறிக்கொள்கிறீர்களா?' என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள்.

சுப்பையா என் அப்பாவின் பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்றொரு கட்டம் இருக்கிறது. அதில் எதையாவது எழுதியாக வேண்டும் என்றார்கள், அப்பா பெயரை எழுதினேன். அன்றிலிருந்து இந்த நாட்டில் என்னை யாரும் முருகேசன் என்று கூப்பிடுவதில்லை. ஆமத்தூரைத் தாண்டி அதிகம் போகாத என் அப்பா, இங்கே ஆஸ்பத்திரி, பேங்க், மின்சாரக் கம்பெனி எல்லாவற்றிலும் கணக்கு வைத்திருக்கிறார்.

கடிதத்தை நான்காகக் கிழித்தேன். என் மனைவி ராஜேஸ்வரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"வேகமா வருதுன்னா நல்லதுதானங்க? எதுக்குக் கிழிக்கீக?"

"இந்த வீட்டுல எதை வேணாலும் மாத்து. அந்த டெலிபோன் ஒயரை மட்டும் யாரும் தொடக் கூடாது."

அவள் சிரித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாதல்லவா, அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கார்த்திகை மாதம், அந்த மெல்லிய ஒயர் என் மானத்தைக் காப்பாற்றியது.

2

எனக்குக் கூடப்பிறந்தது ஒரே ஒரு அக்கா. பெயர் மாரியம்மாள். ஆமத்தூரில் இருக்கிறாள், சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பெட்டி போடுகிற பகுதியில் வேலை. அவள் அந்த வேலைக்குப் போனதால்தான் நான் அச்சுத் தொழில் படித்தேன். சிவகாசியில் பன்னிரண்டு வருடம் ஆப்செட் மெஷினில் காலண்டரும் பட்டாசு லேபிளும் அடித்தேன். இப்போது ஜெர்மனியின் தெற்கே ஒரு சின்ன ஊரில் மாத்திரை டப்பா அடிக்கிறேன். அங்கே லேபிளில் புலி, மயில், ராக்கெட் என்று கண்ணைப் பறிக்கும். இங்கே வெள்ளை டப்பாவில் நீலக் கோடு. எட்டு மணி நேரம் நீலக் கோட்டையே பார்த்தால் மனுசனுக்குப் பேச்சே மறந்துவிடும்.

அக்காவும் நானும் தினம் வீடியோவில் பேசுவோம். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கம்பெனி வண்டி அவளைத் தெருமுனையில் இறக்கிவிட்டதும், கை கால் கழுவிவிட்டு அவள் முகத்தை ஒரு தடவை காட்டிவிட வேண்டும். அதற்கப்புறம்தான் எனக்கு இங்கே மத்தியானச் சாப்பாடு இறங்கும். அவளுக்கும் அப்படித்தான். பனியில் வழுக்கி விழுந்தேனா, சாப்பிட்டேனா என்று என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள்.

அந்த வருடம் அவள் மகள் நந்தினிக்கு மாப்பிள்ளை அமைந்தது. காரியாபட்டிக்காரர்கள். எங்கள் பக்கம் தீபாவளி வரைக்கும் யாரும் கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டார்கள்; சீசன் நேரத்தில் தூங்கவே நேரம் இருக்காது. தீபாவளி முடிந்து கம்பெனிகளுக்கு லீவு விட்டதும்தான் எல்லா வீட்டு விசேஷமும் மொத்தமாகக் கிளம்பும். நந்தினிக்கு கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பரிசம் போடுவது என்று முடிவானது.

பரிசத்தில் சபைக்கு நடுவே ஒரு கேள்வி கேட்பார்கள். "தாய்மாமன் என்ன சொல்றாக?" அவன் எழுந்து சம்மதம் என்று சொன்னால்தான் தட்டு கை மாறும். பெண்ணைப் பெற்றவர்கள் சரி சொல்லி, பெண்ணும் மாப்பிள்ளையும் ஆறு மாதமாக போனில் பேசிக்கொண்டிருந்தாலும், தாய்மாமன் வாயைத் திறக்க வேண்டும். அந்தத் தாய்மாமன் நான்தான்.

நான் டிக்கெட் பார்க்கத் தொடங்கும்போது விசா ஆபீசில் குண்டைத் தூக்கிப் போட்டார்கள். என் வசிப்பு அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். புது அட்டை வரும்வரை ஒரு பச்சைக் காகிதம் தந்திருந்தார்கள். அதை வைத்துக்கொண்டு நாட்டை விட்டுப் போகலாம், ஆனால் திரும்பி உள்ளே வர முடியாது. 'அட்டை எப்போது வரும்?' என்று கேட்டேன். 'வரும்போது கடிதம் வரும்' என்றார் அந்த அம்மா.

அக்காவிடம் சொன்னேன். இது முதல் தடவையும் இல்லை. நந்தினி பெரியவளான சமயத்தில், நான் இங்கே வந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. சடங்குக்குப் போக முடியவில்லை. என் இடத்தில் சித்தப்பா மகன் நின்று சீர்த்தட்டைத் தூக்கினான். போட்டோவில் பார்த்தேன், என் மாலை அவன் கழுத்தில் கிடந்தது. எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"முருகேசா, இந்தத் தடவை உன் இடத்துல ஒருத்தரையும் உக்கார வைக்க மாட்டேன். நீ அங்கன உன் வீட்டுல வெளக்கேத்தி வச்சு, வேட்டி சட்டையோட உக்காந்து சொல்லு. நம்ம கேபிள்காரப் பாண்டிகிட்டச் சொல்லி பெரிய டிவி கொண்டாந்து வைக்கேன். சபை முழுக்க உன் மூஞ்சி தெரியணும்" என்றாள்.

அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. நாங்கள் வீடு மாறி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. புது வீட்டில் இன்டர்நெட் இல்லை. மலையடிவாரத்தில், தடித்த கல்சுவர் வைத்த பழைய கட்டடம். போனில் சிக்னல் வேண்டுமென்றால் குளியலறை ஜன்னலில் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். தாய்மாமன் குளியலறையிலிருந்து சம்மதம் சொல்ல முடியுமா?

3

புது வீட்டுச் சுவரில் இரண்டு ஓட்டை இருந்தன. ஒன்றில் டிவி கேபிள் வருகிறது, இன்னொன்றில் டெலிபோன் ஒயர் வருகிறது. கேபிளிலும் இன்டர்நெட் வரும், டெலிபோன் ஒயரிலும் வரும். டெலிபோன் ஒயரில் வருவதற்குப் பெயர் டிஎஸ்எல். ஏதாவது ஒன்றைத்தான் எடுக்க வேண்டும், எடுத்தால் இரண்டு வருடத்துக்கு விட முடியாது. கல்யாணத்துக்கு அடுத்தபடியாக இந்த நாட்டில் யோசித்துச் செய்ய வேண்டிய காரியம் இதுதான் என்று தோன்றியது.

ராஜேஸ்வரி கேபிள் என்றாள். விளம்பரத்தில் அதன் எண்தான் பெரிதாக இருந்தது. என் மகள் கயல்விழிக்கு அப்போது பதினான்கு வயது. காதிலிருந்து இயர்போனை எடுக்காமலே, "டிஎஸ்எல்" என்றாள்.

"ஏன்?"

"கேபிள்ல ஃபுல் பில்டிங்கும் ஷேர் பண்ணணும். அப்புறம் அப்லோடு கம்மி." இதைப் பாதி ஜெர்மனிலும் பாதி தமிழிலும் சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த வயதில் அவள் எங்களிடம் பேசியதெல்லாம் தந்தி அடித்த மாதிரிதான் இருக்கும். அத்தையிடம் பேசச் சொன்னால், "நல்லா இருக்கேன், நீங்க நல்லா இருக்கீங்களா, ஸ்கூல் இருக்கு" என்று மூன்று வாக்கியம். ஊர் என்பது அவளுக்கு அப்பாவின் போனுக்குள் இருக்கிற ஒரு சத்தமான இடம்.

என் மனசும் கேபிள் பக்கம்தான் சாய்ந்தது. அதற்குக் காரணம் பாண்டி. ஆமத்தூரில் எங்கள் தெருவுக்குக் கேபிள் கொடுக்கிறவன். தோளில் ஒயர்ச் சுருளை மாட்டிக்கொண்டு பைக்கில் வருவான். தண்ணீர்த் தொட்டியிலிருந்து வேப்பமரம், அங்கிருந்து மாரியம்மாள் வீட்டு மொட்டைமாடி என்று அவன் இழுத்த ஒயரில் டிவியும் வரும், இன்டர்நெட்டும் வரும், அவ்வப்போது குரங்கும் வரும். லைன் போய்விட்டால் அக்கா வாசலில் நின்று, "ஏலே பாண்டி!" என்று ஒரு சத்தம் கொடுப்பாள். பத்து நிமிடத்தில் வந்து, ஏறிச் சரிபண்ணி, டீ குடித்து, குடும்ப நிலவரம் விசாரித்துவிட்டுப் போவான். கேபிள் என்றால் கூப்பிட்டால் ஆள் வரும் என்பது என் ரத்தத்தில் ஊறிய நம்பிக்கை. எல்லா நாட்டிலும் கேபிளுக்குப் பின்னால் ஒரு பாண்டி இருப்பான் என்று நினைத்தேன்.

ஆனாலும் இரண்டு வருட விஷயம், பரிசத்து விஷயம். முடிவு எடுக்கக் கை வரவில்லை. அக்காவிடம் புலம்பினேன்.

"இதுக்கா இம்புட்டு யோசனை? பூக்கட்டிப் பாத்திருவோம்" என்றாள்.

மாப்பிள்ளை பார்க்க, வீடு கட்ட, மாடு வாங்க எல்லாம் எங்கள் பக்கம் பூக்கட்டிப் பார்ப்பது உண்டு. ஒரு காகிதத்தில் வெள்ளைப்பூ, ஒன்றில் சிவப்பு. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து அம்மன் முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். இன்டர்நெட்டுக்குப் பூக்கட்டியவள் உலகத்திலேயே என் அக்காவாகத்தான் இருக்கும். செவ்வாய்க்கிழமை கோயிலில் நின்றுகொண்டு போன் செய்தாள்.

"கேபிளுக்கு வெள்ளை அரளி. டெலிபோன் ஒயருக்குச் செவ்வரளி. சரியாலே?"

"சரிக்கா."

"அந்தச் சின்ன ஒயருக்கு என்னமோ பேரு சொன்னியே?"

"டிஎஸ்எல்."

"அது அம்மனுக்குப் புரியாது. டெலிபோன்னே சொல்லிருக்கேன்."

பக்கத்து வீட்டுக் குழந்தை எடுத்தது. அக்கா பிரித்தாள். போன் வழியாக அவள் மூச்சு கேட்டது. "வெள்ளை! கேபிளுதான். அம்மா உத்தரவு குடுத்திட்டா!" கோயில் மணியும் சேர்ந்து அடித்தது. நான் வேலை செய்கிற இடத்தில், நீலக்கோட்டு டப்பாக்களுக்கு நடுவே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். என் மேஸ்திரி, எனக்குப் பல்வலி என்று நினைத்து மாத்திரை எடுத்துக் கொடுத்தார்.

4

அன்றே கேபிள் கம்பெனிக்கு போன் செய்தேன். அங்கே ஒரு பெண் மழை கொட்டுவதுபோல் பேசினாள். நாம் யாராவது பேசும்போது சும்மா இருக்க மாட்டோம். 'ம்', 'சரி', 'ஆமா ஆமா' என்று கூடவே வருவோம். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று காட்டும் மரியாதை அது. நான் ஜெர்மனிலும் அதே மரியாதையைக் காட்டினேன். இருபது நிமிடம் 'ஆமாம்' சொன்னேன். மூன்றாம் நாள் வந்த ஒப்பந்தத்தைக் கயல் படித்துப் பார்த்து, "அப்பா, கால்பந்து சேனல், குதிரைப் பந்தய சேனல், வைரஸ் பாதுகாப்பு, இன்னொரு சிம் கார்டு எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லிருக்கீங்க" என்றாள்.

"நான் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்."

"அவங்க எழுதிக்கிட்டு இருந்தாங்க" என்றாள்.

அது போகட்டும். பெட்டி வந்தது, சுவரில் செருகினேன், விளக்கு எரிந்தது. அக்காவைக் கூப்பிட்டேன். அடடா! இருபது வருடத்துக்கு மேல் அச்சுத் தொழிலில் இருந்தவன் சொல்கிறேன், அப்படி ஒரு பிரிண்ட் நான் அடித்ததில்லை. அக்காவின் மூக்குத்தியில் எத்தனை கல் என்று எண்ணலாம். பின்னால் சுவரில் மாட்டிய காலண்டரில் ராகுகாலம் படிக்கலாம்.

"அக்கா, என்னைத் தெரியுதா?"

"நல்லாத் தெரியுதுலே. ராசா மாதிரி இருக்க."

தினமும் கேட்டேன், தினமும் அதே பதில். பத்தாம் நாள், பரிசத்தன்று போட வேண்டிய பட்டு வேட்டியையும் சந்தன நிறச் சட்டையையும் எடுத்துக் கட்டிக்கொண்டு, போனைத் தூரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, நடந்து காட்டினேன். திரும்பி நின்றேன். துண்டைத் தோளில் போட்டுப் பார்த்தேன், இடுப்பில் கட்டிப் பார்த்தேன்.

"எப்பிடி இருக்கு?"

"அம்சமா இருக்குய்யா. என் கண்ணே பட்டுரும்."

பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். நந்தினி வந்து போனைப் பிடுங்கினாள்.

"மாமா, அம்மா சும்மா சொல்லுது, நம்பாதீக. அரை மணி நேரமா உங்க மூக்கு மட்டும்தான் தெரியுது. அதுவும் கட்டம் கட்டமா. வேட்டியாவது சட்டையாவது!"

"பொய் சொல்லாத."

"சத்தியமா மாமா. பத்து நாளாவே இப்பிடித்தான். உங்க குரலு மட்டும் கெணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி வரும். மாமா மனசு சங்கடப்படும்னு அம்மா எங்க வாயையும் கட்டிப் போட்டுருச்சு."

போனில் அக்கா தலை குனிந்து, முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். அதுவும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது, அதுதான் கொடுமை. வெளிநாட்டில் இருக்கிறவனிடம் ஊரில் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். காய்ச்சல் என்றால் 'லேசான ஜலதோசம்'. கரண்ட் இல்லை என்றால் 'காத்தாட வாசல்ல உக்காந்திருக்கோம்'. அந்தக் கணக்கில்தான் என் மூக்கு 'ராசா மாதிரி' ஆகியிருக்கிறது.

கயல் அறையிலிருந்து வெளியே வந்தாள். முதல் தடவையாகக் காதிலிருந்ததைக் கழற்றினாள். "அப்பா, டவுன்லோடுன்னா நீங்க அவங்களைப் பார்க்கிறது. அப்லோடுன்னா அவங்க உங்களைப் பார்க்கிறது. கேபிள்ல முதல் நம்பர்தான் பெருசு. இந்த பில்டிங்ல எல்லாரும் ஷேர் பண்றதால ரெண்டாவது நம்பர் ரொம்ப மோசம். இதைத்தானே அன்னைக்கே சொன்னேன்?"

நான் உட்கார்ந்துவிட்டேன். உண்மைதான். விளம்பரத்தில் அந்த இரண்டாவது எண்ணை நான் பார்க்கவே இல்லை. எவ்வளவு வேகமாக எனக்கு வந்து சேரும் என்று மட்டும்தான் பார்த்தேன். என் பக்கமிருந்து அக்காவுக்கு என்ன போய்ச் சேரும் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. ஒன்பது வருடமாகவே யோசிக்கவில்லையோ என்றும் தோன்றியது. வெட்கமாக இருந்தது.

"அம்மன் வெள்ளைதானே எடுத்துக் குடுத்தா?" என்று அக்காவிடம் கேட்டேன், எரிச்சலோடு.

அவள் அசரவில்லை. "அவகிட்ட நான் கேட்டது நம்ம பாண்டி கேபிளை மனசுல வச்சுல்ல? அது நல்லாத்தான ஓடுது. அவமேல என்ன தப்பு?"

5

பதினான்கு நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ளலாம் என்று இங்கே ஒரு நல்ல சட்டம் இருக்கிறது. கயல்தான் கடிதம் எழுதினாள். குதிரைப் பந்தயத்தோடு சேர்த்து எல்லாவற்றிலிருந்தும் விலகினோம். பன்னிரண்டாம் நாள் பதிவுத் தபாலில் போட்டோம். அப்படியே டிஎஸ்எல்லுக்கு எழுதிப் போட்டோம். தொழில்நுட்பக்காரர் வந்து கீழ்த்தள அறையில் டெலிபோன் ஒயரை இணைத்துவிட வேண்டும். அவருக்குத் தேதி, பரிசத்துக்கு முந்தின வாரம் திங்கட்கிழமை, எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு மணிக்குள்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு ஜன்னலில் நின்றேன். எட்டு, ஒன்பது, பத்து. பதினொன்றரைக்கு ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. ஒருவர் இறங்கி வாசலுக்கு வந்தார். நான் மணி அடிக்கும் என்று கதவருகே காத்திருந்தேன். மணி அடிக்கவில்லை. ஜன்னலுக்கு ஓடினால் வேன் போய்க்கொண்டிருந்தது. கீழே இறங்கிப் பார்த்தால் தபால்பெட்டியில் ஒரு சீட்டு: 'திரு. சுப்பையா இந்த முகவரியில் இல்லை.'

வாசல் மணியில் நான் ஆசை ஆசையாகச் சொந்தமாக அச்சடித்து, லேமினேட் செய்து ஒட்டிய பெயர்: முருகேசன். நான்கு கலரில், ஓரத்தில் ஒரு சின்ன மயில்வேறு. வந்தவர் வாசலில் இருந்த எட்டு அழைப்புமணிப் பொத்தான்களையும் பார்த்திருக்கிறார், சுப்பையாவைக் காணவில்லை, போய்விட்டார். என் அப்பா எல்லா ஆபீசிலும் கணக்கு வைத்திருந்தவர், வாசலில் மட்டும் இல்லாமல் போனார்.

கம்பெனிக்கு போன் செய்தேன். அடுத்த தேதி பரிசத்துக்குப் பத்து நாள் கழித்து. 'ஆமாம்' என்று சொல்ல வாய் வந்துவிட்டது, பல்லைக் கடித்தேன்.

அன்று சாயங்காலம் ராஜேஸ்வரி, "பக்கத்து டவுன்ல உங்க பிரண்டு வீட்டுக்குப் போயிருவோமா?" என்றாள். "அடுத்தவன் வீட்டுல வெளக்கேத்தியா?" என்று கத்தினேன். அக்காவிடம் சொல்லக்கூடத் தைரியம் இல்லை. சித்தப்பா மகன் கழுத்தில் மறுபடி என் மாலை விழுவது கண்முன்னால் வந்து வந்து போனது.

கயல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "எதுக்குப்பா இவ்ளோ டென்ஷன்? ஒரு ஓகே தானே, வாட்ஸ்அப்ல டைப் பண்ணுங்க" என்றாள்.

திட்டத்தான் வாயெடுத்தேன். ஏனோ திட்டவில்லை. சடங்கு போட்டோவை எடுத்துக் காட்டினேன். "இந்த மாலை என்னோடது" என்றேன். அதற்குமேல் விளக்கத் தெரியவில்லை. அவள் போட்டோவைப் பெரிதாக்கி, ரொம்ப நேரம் பார்த்தாள். "இந்த அங்கிள் யாருன்னே எனக்குத் தெரியாது" என்றாள். பிறகு என் போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனாள்.

கதவுக்கு வெளியே நானும் ராஜேஸ்வரியும் நின்றோம். உள்ளே ஜெர்மன் கொட்டியது. இலக்கணம் எல்லாம் சுத்த ஜெர்மன்; ஆனால் குரல் இருக்கிறதே, அது அப்படியே பாண்டியைக் கூப்பிடும் மாரியம்மாளின் குரல். முதலில் ஒருவரிடம், பிறகு அவருக்கு மேலதிகாரியிடம், அப்புறம் அவருக்கும் மேலே. அத்தை, தாய்மாமன், சபை என்று என்னென்னவோ சொன்னாள். நாற்பது நிமிடம் கழித்து வெளியே வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, எட்டுல இருந்து பன்னெண்டு. ஒரு கேன்சலேஷன் இருக்காம்."

"அன்னைக்குத்தான் பரிசம். ஒன்றரைக்கு ஆரம்பம், நம்ம டயத்துக்கு."

"தெரியும். அதான் போராடி வாங்கினேன். பெல்லுல ரெண்டு பேரையும் போடுங்க."

அன்று ராத்திரியே புது அட்டை அடித்து ஒட்டினேன். முருகேசன் சுப்பையா. மயிலை எடுக்கவில்லை.

6

வெள்ளிக்கிழமை விடிந்ததும் குளித்து, வேட்டி சட்டை போட்டு, விளக்கைத் துலக்கி வைத்துவிட்டு, நேரே தெருவாசலுக்குப் போய் நின்றுகொண்டேன். கார்த்திகை மாதக் குளிர், பட்டு வேட்டி, மேலே குளிர்கோட்டு. போகிற வருகிறவர்கள் எல்லாம் ஒரு தினுசாகப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பதினொன்று நாற்பதுக்கு வேன் வந்தது. அதே ஆள். மணி அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார். "திரு. சுப்பையா?" என்றார். "ஆமாம், ஆமாம், ஆமாம்" என்றேன்.

கீழ்த்தள அறையில் ஒயர்கள் பின்னிக் கிடந்தன. அவர் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க, நான் டார்ச் அடித்தேன். பன்னிரண்டே முக்காலுக்கு வேலை முடிந்தது. மேலே பெட்டியில் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது, நிலைக்கவில்லை. "பத்து நிமிடம் ஆகும்" என்று சொல்லி, ராஜேஸ்வரி கொடுத்த கேசரியை வாங்கிக்கொண்டு போனார். அது இருபது நிமிடம் மினுக்கியது. நானும் அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அம்மனையும் டெலிபோனையும் சேர்த்தே கும்பிட்டேன். ஒன்று பத்துக்கு விளக்கு அசையாமல் பச்சையாக நின்றது. ஸ்கூலிலிருந்து ஓடி வந்த கயல், மூச்சு வாங்கிக்கொண்டே லேப்டாப்பைத் திறந்து வைத்தாள்.

ஆமத்தூரில் அக்கா வீட்டு வாசலில் பந்தல். நடுவில் ஒரு நாற்காலி. நாற்காலிமேல் பாண்டியின் பெரிய டிவி. அந்த டிவிக்கு மாலை போட்டிருந்தார்கள். "ஐயய்யோ, படத்துக்கு மாலை போட்ட மாதிரி இருக்கே!" என்று ராஜேஸ்வரி பதறினாள். அந்தப் பக்கமும் யாரோ அதையே சொல்லியிருப்பார்கள் போல, பாண்டி ஓடி வந்து மாலையைக் கழற்றி நாற்காலிக் கையில் போட்டான். சபை மொத்தமும் சிரித்தது. நானும் சிரித்தேன். நான் சிரித்ததைப் பார்த்து அவர்கள் மறுபடி சிரித்தார்கள். அப்போதுதான் புரிந்தது, அவர்களுக்கு என்னைத் தெரிகிறது.

தட்டுகள் வந்தன. மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்தார்கள். நந்தினி பச்சைப்பட்டில் வந்து கும்பிட்டுவிட்டு, தலையைத் தூக்கி டிவியைப் பார்த்து ஒரு புருவத்தை உயர்த்தினாள். பெரியவர் ஒருவர் எழுந்து தொண்டையைக் கனைத்தார்.

"பொண்ணோட தாய்மாமன் என்ன சொல்றாக?"

ஒரு வாரமாக ஒத்திகை பார்த்த வார்த்தை. வாய்வரை வந்தது. கயலின் கை என் முதுகில் இருந்தது. அந்த நாற்காலியில் வேறு யாரும் இல்லை, நான்தான் இருந்தேன். அசையாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஐந்து வினாடி இருக்கும். பாண்டி துள்ளி எழுந்தான்.

"யக்கா, படம் நின்னு போச்சு! ஜெர்மன் லைன் கட்டாயிருச்சு!" என்று பெட்டியின் ஒயரைப் பிடுங்கப் போனான். சபையில் சலசலப்பு. "நல்ல நேரம் போகுதப்பா, பங்காளி ஒருத்தரைச் சொல்லச் சொல்லுங்க" என்று யாரோ சொன்னது கேட்டது.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். டிவிக்கு நேர் எதிரே, முகத்தோடு முகம் வைத்து நின்று பார்த்தாள்.

"ஏலே பாண்டி, கையை எடு. லைனெல்லாம் ஒண்ணும் போகல. எந் தம்பி அழுகுறான். எனக்கு நல்லாத் தெரியுது."

"நெஜமாவே தெரியுதா அத்தை? இல்ல, சும்மா சொல்றீகளா?" கயல் லேப்டாப்புக்குள் தலையை நீட்டிக் கேட்டாள். 'சொல்றீகளா' என்று அவள் ஊர்ப் பேச்சு பேசி அன்றுதான் கேட்டேன்.

"நெசமாத்தான் தாயி. இடது கண்ணுல தண்ணி நிக்கிது. மீசையில நரை ரெண்டு இருக்கு. சட்டையில ரெண்டாவது பொத்தானை மாத்திப் போட்டுருக்கான். எல்லாம் தெரியுது."

குனிந்து பார்த்தேன். பொத்தான் மாறித்தான் இருந்தது.

"சம்மதம்" என்றேன், சபை முழுக்கக் கேட்கும்படி. அந்த ஒன்பது வருடத்தில் இந்த நாட்டில் உட்கார்ந்து நான் சொன்ன எத்தனையோ ஆமாம்களில், முழுக்கப் புரிந்து சொன்னது அது ஒன்றுதான். ஆமத்தூரில் பெண்கள் குலவையிட்டார்கள். கயல் டக்கென்று கையை நீட்டிச் சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.